விதியா? விதி மீறலா?

பட்டாசு ஆலைக்கு என்று ஒரு சட்டம் இருக்கிறது. ஒரு வேலை அறைக்குள் ஒரே நேரத்தில் நாலு பேருக்கு மேல் இருக்கக் கூடாது.

சின்னச் சட்டம்தான். ஒரே வரியில் சொல்லிவிடலாம். எழுதப் படிக்கத் தெரியாதவர்கூட விரல் விட்டு எண்ணிப் பார்த்துவிடலாம்.

ஆனால் சிவகாசிப் பக்கம் விபத்து நடந்த பல ஆலைகளில், விசாரணைக்குப் போன அதிகாரிகள் என்ன கண்டார்கள்? நாலு பேர் இருக்க வேண்டிய அறையில் ஆறு பேர், எட்டுப் பேர், அதற்கும் மேல்!

இந்த ஒரு வரியை ஏன் காப்பாற்ற முடியவில்லை? இதைத்தான் இன்று பார்க்கப் போகிறோம்.

எத்தனை வீடுகள்!

2012-ம் ஆண்டு செப்டம்பர் 5-ந் தேதி. சிவகாசியை அடுத்த முதலிப்பட்டி. அங்குள்ள பட்டாசு ஆலையில் பகல் நேரத்தில் தீப்பிடித்தது. புகையைக் கண்டு, அக்கம்பக்கத்து ஊர்களில் இருந்து மக்கள் ஓடி வந்தார்கள். உதவி செய்ய வந்தவர்களும் இருந்தார்கள், வேடிக்கை பார்க்க வந்தவர்களும் இருந்தார்கள். அப்போது மீண்டும் பெரிய வெடிப்பு! மொத்தம் 38 பேர் இறந்தார்கள். அவர்களில் பலர் அந்த ஆலையில் வேலை பார்த்தவர்களே அல்ல.

2021 பிப்ரவரி 12. சாத்தூருக்குப் பக்கத்தில் அச்சங்குளம். இருபதுக்கும் மேற்பட்டோர் பலி.

2023 அக்டோபர் 17. ஒரே நாளில் ரெங்கபாளையத்திலும் கிச்சநாயக்கன்பட்டியிலும் வெடி விபத்து. பத்துக்கும் மேற்பட்டோர் பலி. இறந்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள்.

2024 பிப்ரவரி 17. வெம்பக்கோட்டைப் பக்கம் இராமுதேவன்பட்டி. 10 பேர் பலி.

2025 ஜூலை 1. சின்னக்காமன்பட்டி. மறுபடியும் சாவு.

ஒவ்வொரு தடவையும் என்ன நடக்கிறது? அமைச்சர் வருகிறார். நிவாரணத் தொகை அறிவிக்கப்படுகிறது. போர்மேனைக் கைது செய்கிறார்கள். ஆலைக்குச் சீல் வைக்கிறார்கள். பத்து நாள் பேச்சு. பிறகு மறதி.

"அவர்கள் விதி அவ்வளவுதான்" என்று ஊரில் சொல்லுவார்கள். தமிழில் விதி என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. தலையெழுத்தும் விதிதான். சட்டமும் விதிதான். தலையெழுத்தை யாராலும் படிக்க முடியாது. சட்டத்தைப் படிக்கலாம். அதனால், "எந்த விதி மீறப்பட்டது?" என்றுதான் நாம் கேட்க வேண்டும்.

மருந்தின் குணம்

முதலில், பட்டாசு மருந்து என்பது என்ன என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

அடுப்பில் விறகு எரிகிறது. அது எரிய வெளிக்காற்று வேண்டும். ஈரச் சாக்கைப் போட்டு மூடினால் தீ அணைந்துவிடும்.

பட்டாசு மருந்து அப்படி அல்ல. அதில் வெடியுப்பு இருக்கிறது. கந்தகம் இருக்கிறது. அலுமினியத் தூள் இருக்கிறது. எரிவதற்கு வேண்டிய பிராண வாயுவை வெடியுப்பே தன்னிடம் வைத்திருக்கிறது. வெளிக்காற்று வேண்டாம். மூடினாலும் அணையாது. கண் இமைக்கும் நேரத்தில் எல்லாம் எரிந்து முடிந்துவிடும். மூடிய இடத்தில் எரிந்தால் அதுவே வெடிப்பு.

ஆகவே, "தீப்பிடித்தால் ஓடிவிடலாம்" என்ற நினைப்பு இங்கே உதவாது. ஓடுவதற்கு நேரம் கிடையாது.

இந்த மருந்துக்கு மூன்று எதிரிகள் உண்டு.

முதல் எதிரி உராய்வு. மருந்தைத் தரையில் இழுப்பதும், இரும்புக் கரண்டியால் கிளறுவதும், அழுத்தி இடிப்பதும் ஆபத்து. அதனால்தான் இரும்புச் சாமானுக்குத் தடை.

இரண்டாவது எதிரி ஈரம். தண்ணீர் பட்டால் தீ அணையும் என்றுதான் நமக்குத் தெரியும். ஆனால் அலுமினியத் தூள் கலந்த மருந்தில் ஈரம் சேர்ந்தால், அது உள்ளுக்குள்ளேயே சூடேறும். யாரும் தொடாமலே தீப்பிடிக்கும். அதனால்தான், "இன்று கலந்த மருந்தை இன்றே முடித்துவிடு, மீதம் வைக்காதே" என்கிறார்கள்.

மூன்றாவது எதிரி கண்ணுக்குத் தெரியாத மின்பொறி. நைலான் சேலை உடம்பில் உரசினால் மின்சாரம் உண்டாகும். இருட்டில் கழற்றும்போது சடசடவென்று பொறி பறப்பதைப் பலர் பார்த்திருப்பீர்கள். அந்தச் சிறு பொறி போதும்! அதனால்தான் ஆலையில் பருத்தி உடை கட்ட வேண்டும். வாசலில் உள்ள செப்புத் தகட்டைத் தொட்டுவிட்டு உள்ளே போக வேண்டும். உடம்பில் உள்ள மின்சாரம் அதன் வழியே மண்ணுக்குள் இறங்கிவிடும்.

ஒரு காலத்தில் குளோரேட் உப்பையும் கந்தகத்தையும் சேர்த்துக் கலந்தார்கள். இலேசாக உரசினாலும் வெடிக்கும் கலவை அது. 1992-ல் இந்திய அரசு அந்தக் கலவைக்குத் தடை போட்டது. ஆபத்தைக் குறைக்க முதல் வழி இதுதான். எது மிகவும் கொடியதோ, அதை அடியோடு நீக்கிவிடுவது.

நாலு பேர் கணக்கு

எவ்வளவு ஜாக்கிரதையாக இருந்தாலும், என்றோ ஒரு நாள் ஒரு பொறி கிளம்பலாம். சட்டம் எழுதியவர்களுக்கு இது தெரியும். அந்த நாளையும் மனதில் வைத்துத்தான் எழுதியிருக்கிறார்கள்.

அறை சின்னதாக இருக்க வேண்டும். உள்ளே வைக்கும் மருந்தும் கொஞ்சமாக இருக்க வேண்டும். அறைக்கு எதிர் எதிரே வாசல் வேண்டும். கதவு வெளிப்பக்கம் திறக்க வேண்டும். ஓர் அறைக்கும் அடுத்த அறைக்கும் இடையே போதிய தூரம் வேண்டும். உள்ளே நாலு பேருக்கு மேல் கூடாது.

இதன் பொருள் என்ன? ஓர் அறை வெடித்தாலும் பக்கத்து அறை தப்ப வேண்டும். ஒரு தவறு நடந்தால், அந்தத் தவறு ஊரையே விழுங்கிவிடக் கூடாது.

இப்போது கணக்குப் போட்டுப் பாருங்கள். அறையில் எட்டுப் பேர் இருந்தால், போகும் உயிர் இரண்டு மடங்கு. எட்டுப் பேருக்கு வேண்டிய மருந்தும் அங்கேயே இருக்கும். ஆகவே வெடியின் வேகமும் கூடும். எட்டுப் பேரும் ஒரே வாசலுக்கு ஓடினால் நெரிசல். ஒருவர்மேல் ஒருவர் விழுவார்கள்.

இடம் போதாமல் மரத்தடியில் உட்கார்ந்து மருந்து செலுத்தினால்? இரண்டு அறைகளுக்கு நடுவே விட்ட இடைவெளியே போய்விடுகிறது. ஓர் அறையில் பிடித்த தீ, மரத்தடி வழியாக நடந்து அடுத்த அறைக்குப் போய்விடும்.

ஆற்றங்கரை முதலாளி

இந்த யோசனை புதிதல்ல. இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே ஒருவர் செய்து காட்டியிருக்கிறார்.

அவர் பெயர் டூபான்ட். பிரான்சு நாட்டில் பிறந்தவர். அமெரிக்காவில் டெலவர் என்ற மாநிலத்துக்குப் போய், 1802-ல் பிராண்டிவைன் ஆற்றங்கரையில் துப்பாக்கி மருந்து ஆலை தொடங்கினார்.

அவர் கட்டிய ஆலைக் கட்டடத்துக்கு மூன்று பக்கம் கனமான கல் சுவர். நாலாவது பக்கம், ஆற்றைப் பார்த்த பக்கம், இலேசான மரம். கூரையும் இலேசுதான். ஏன் அப்படி? வெடித்தால், வேகம் கல் சுவரை விட்டுவிட்டு ஆற்றுப் பக்கம் போய்விடும். அடுத்த கட்டடம் தப்பும்.

அவர் ஆலையில் இன்னொரு விதியும் இருந்தது. புதிதாகக் கட்டிய ஆலைக்குள் தொழிலாளி முதலில் போகக் கூடாது. முதலாளியோ மேலாளரோ உள்ளே போய், இயந்திரத்தைத் தன் கையால் ஓட்டிக் காட்ட வேண்டும். அதன் பிறகுதான் தொழிலாளி போகலாம்!

அவர் குடும்பமும் ஆலைக்குப் பக்கத்திலேயே குடியிருந்தது. 1818-ல் பெரிய வெடிப்பு நடந்தது. முப்பதுக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் இறந்தார்கள். முதலாளியின் மனைவிக்கும் காயம். அதற்குப் பிறகும் அங்கே விபத்துகள் நடந்தன. ஆபத்து முழுவதும் ஒழிந்துவிடவில்லை. ஆனால் ஒன்று மட்டும் உறுதி. ஆபத்துக்குப் பக்கத்தில் தானும் நிற்கிற முதலாளி, சுவரைப் பார்த்துப் பார்த்துக் கட்டுவான்.

இதை மனதில் வைத்துக்கொண்டு, மறுபடியும் சிவகாசிக்கு வருவோம்.

உள்குத்தகை

உரிமம் ஒருவர் பெயரில் இருக்கும். வெடிமருந்துத் துறையின் தலைமை அலுவலகம் நாக்பூரில் இருப்பதால், "நாக்பூர் லைசென்ஸ்" என்று சொல்லுவார்கள். அந்த உரிமத்தை வாங்கியவர், தானே ஆலையை நடத்தாமல், அறை அறையாகப் பிரித்துப் பலருக்கு வாடகைக்கு விட்டுவிடுகிறார். இதற்குத்தான் உள்குத்தகை என்று பெயர். இது சட்ட விரோதம்.

குத்தகைக்கு எடுத்தவருக்கு நாலு அறை கிடைத்தால், அந்த நாலு அறைக்குள் எவ்வளவு சரக்கு எடுக்க முடியுமோ அவ்வளவும் எடுக்கத்தான் பார்ப்பார். ஆளைக் கூட்டுவார். மருந்தைக் கூட்டுவார். பக்கத்து அறைக்காரர் யார், அவர் என்ன மருந்து வைத்திருக்கிறார் என்பது அவருக்குத் தெரியாது. விபத்து நடந்தால், "நான் குத்தகைக்கு விட்டேன்" என்பார் ஒருவர். "உரிமம் என் பெயரில் இல்லை" என்பார் இன்னொருவர்.

அச்சங்குளம் விபத்துக்குப் பிறகு, பசுமைத் தீர்ப்பாயம் அமைத்த குழு விசாரணை நடத்தியது. அங்கேயும் உள்குத்தகை விவகாரம் வெளியே வந்தது.

உரிமம் வாங்கியவர் ஆலையில் இல்லை. ஆபத்துக்குப் பக்கத்தில் அவர் நிற்கவில்லை. பிறகு யார் எண்ணுவார்கள், உள்ளே எத்தனை பேர் என்று?

ஐந்தாவது ஆள்

"தொழிலாளியே எண்ணிப் பார்த்து, 'நான் வரமாட்டேன்' என்று சொல்லக் கூடாதா?" என்று கேட்கலாம். நல்ல கேள்வி. ஆனால் அவர்கள் நிலையையும் பார்க்க வேண்டும்.

அங்கே பல வேலைகளுக்கு நாள் கூலி கிடையாது. குரோஸ் கணக்கில் கூலி. ஒரு குரோஸ் என்றால் 144. எவ்வளவு முடிக்கிறார்களோ அவ்வளவு காசு. வேகமாகச் செய்தால் வயிறு நிறையும். நிதானமாகச் செய்தால் கூலி குறையும். மருந்து கேட்பதோ நிதானம். கூலி கேட்பதோ வேகம்!

அதோடு, நாலு பேர் அறையில் ஐந்தாவதாக வந்து உட்காருகிறவர் யார்? அயலார் அல்ல. பக்கத்து வீட்டு மதினியாக இருப்பார். "மதினி, நீங்க வெளியே போங்க" என்று யார் வாயைத் திறப்பது? அன்றைக்கு அவர் வீட்டில் உலை கொதிக்க வேண்டாமா?

தீபாவளி நெருங்கினால் அவசரம் இன்னும் கூடும். ஆர்டர் குவியும். மழை வருமுன் சரக்கு போக வேண்டும்.

ஆகவே, எல்லாப் பழியையும் தொழிலாளியின் கவனக் குறைவு மீது போடுவது நியாயம் ஆகாது. ஐந்தாவது ஆளுக்கு இன்னோர் அறை கட்ட வேண்டும். கட்டப் பணம் ஆகும். அந்தப் பணத்தை முதலாளி போட வேண்டும். அதனால் பட்டாசு விலை கொஞ்சம் கூடினால், வாங்குகிறவர் கொடுக்க வேண்டும். இப்போது அந்தப் பணத்தை யாரும் கொடுப்பதில்லை. அதற்குப் பதிலாக, ஐந்தாவது ஆளின் வீடு கொடுக்கிறது.

"இந்தத் தொழிலையே மூடிவிட்டால் என்ன?" என்று சிலர் கேட்கிறார்கள். அது சுலபமான பேச்சு. சிவகாசி வானம் பார்த்த பூமி. விவசாயத்தை நம்பிப் பிழைக்க முடியாத ஊர். 1922-ல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்தார்கள். அதிலிருந்துதான் தீப்பெட்டி, பட்டாசு, அச்சு என்று ஊர் வளர்ந்தது. இன்றும் எத்தனையோ ஆயிரம் வீடுகளில் அடுப்பு எரிவது இந்தத் தொழிலால்தான். தொழில் இருக்கட்டும். சாவு வேண்டாம்.

சட்டம் தந்த உரிமை

1984-ல் போபால் நகரில் விஷ வாயு கசிந்து ஆயிரக்கணக்கானோர் இறந்தார்கள். அதன் பிறகு, 1987-ல் தொழிற்சாலைச் சட்டத்தைத் திருத்தினார்கள். "நீ கையாளும் பொருளில் என்ன ஆபத்து இருக்கிறது என்று தெரிந்துகொள்ள உனக்கு உரிமை உண்டு" என்று தொழிலாளிக்குச் சொன்னார்கள்.

2020-ல் தொழில் பாதுகாப்புக்குப் புதிய சட்டத் தொகுப்பு நிறைவேறியது. அது 2025 நவம்பர் 21-ந் தேதி அமலுக்கு வந்தது. அதிலும் இந்த உரிமை இருக்கிறது. உயிருக்கு ஆபத்து வரும்போல் தெரிந்தால், தொழிலாளி முதலாளியிடம் சொல்லலாம். அதே சமயத்தில் அரசாங்க ஆய்வாளரிடமும் சொல்லலாம். வேலைக்குச் சேரும்போது நியமனக் கடிதம் கொடுக்க வேண்டும் என்றும் அதில் இருக்கிறது.

கடிதம் எதற்கு என்று நினைக்காதீர்கள். விபத்து நடந்த பிறகு, "இந்த ஆள் எங்கள் ஆலையில் வேலை பார்க்கவே இல்லை" என்று யாராவது சொன்னால், அந்தக் காகிதம்தான் சாட்சி.

வீட்டில் கேளுங்கள்

அதிகாரி என்றோ ஒரு நாள் வருவார். தொழிலாளி தினமும் வீட்டுக்கு வருகிறார். ஆகவே வீட்டில் இருப்பவர்களும் கேட்க வேண்டும். அண்ணன், தங்கை, மனைவி, கணவன், யார் வேலைக்குப் போனாலும் இந்த ஐந்து கேள்விகளைக் கேளுங்கள்.

1. உன் அறையில் இன்றைக்கு எத்தனை பேர்?

2. நேற்றைய மருந்து மீதம் இருந்ததா?

3. வாசலில் சாக்கு, பெட்டி, முடித்த சரக்கு ஏதாவது வழியை மறித்துக் கிடந்ததா?

4. ஆலையை நடத்துவது உரிமம் வாங்கியவரா, குத்தகைக்காரரா?

5. உனக்கு நியமனக் கடிதமும் இ.எஸ்.ஐ. அட்டையும் கொடுத்தார்களா?

பருத்தி உடை உடுத்தி அனுப்புங்கள். செல்போனை உள்ளே கொண்டு போக விடாதீர்கள்.

இரண்டு விஷயம் எல்லோரும் நினைவில் வைக்க வேண்டும்.

ஆலையில் புகை தெரிந்தால் அதை நோக்கி ஓடாதீர்கள். முதலிப்பட்டியில் ஓடி வந்தவர்களின் கதியை மறக்கக் கூடாது. விலகி நில்லுங்கள். தீயணைப்புப் படைக்குச் சொல்லுங்கள்.

தீக்காயம் பட்டவருக்கு, பட்ட இடத்தில் சுத்தமான குளிர்ந்த தண்ணீரை இருபது நிமிடம் ஊற்றுங்கள். ஐஸ் கட்டி வேண்டாம். மை, எண்ணெய், பற்பசை எதையும் தடவாதீர்கள். சுத்தமான துணியால் இலேசாக மூடி, உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள்.

எண்ணத் தெரிந்தால் போதும்

ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. பள்ளிக்கூடத்தில் முதல் நாள் படிக்கிற பாடம் இது.

முதலாளி எண்ணட்டும். போர்மேன் எண்ணட்டும். அதிகாரி, தீபாவளிக்கு முன்பும் வந்து எண்ணட்டும். விபத்து நடந்த பிறகு வந்து பிணத்தை எண்ணுவதில் என்ன பயன்?

தொழிலாளியும் எண்ணட்டும். ஐந்தாவது ஆள் உள்ளே வந்தால், "இவருக்கு வேறு அறை கொடுங்கள்" என்று நாலு பேரும் சேர்ந்து கேட்கட்டும். ஒருவர் கேட்டால் வேலை போகும். எல்லா அறைகளிலும் எல்லோரும் சேர்ந்து கேட்டால், அறை வரும்!